நட்சத்திரம் இல்லாத பட்டியல்

கெட்ட முட்டை கேட்டுக் கடைக்குப் போன ஒரே ஆளை எனக்குத் தெரியும்.

நாமக்கல்லில் முட்டைக்கு என்ன பஞ்சம். தெருவுக்கு நாலு கடை. அந்த அம்மணி எங்கள் கம்பெனிக்கு வேலைக்கு வந்த புதிது. ஜலகண்டாபுரத்துக்காரர். இங்கே அறை எடுத்துத் தானே சமைத்துச் சாப்பிட்டார். முட்டையைத் தண்ணீரில் போட்டால் நல்லது முங்கும், கெட்டது மிதக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆறு முட்டை வாங்கிப் போட்டுப் பார்த்தார். ஆறும் முங்கிவிட்டன. நாமாக இருந்தால் வேகவைத்துத் தின்றிருப்போம். அவர் திரும்பக் கடைக்கு வந்து கெட்ட முட்டை ஒன்று வேண்டும் என்றார்.

நான் அங்கே பீடி வாங்க நின்றிருந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"கெட்டது குடுத்துட்டீன்னு சண்டைக்கு வருவாங்க சாமி. கெட்டது குடுன்னு வந்தது நீங்க ஒருத்தர்தான்."

"அது மெதக்குதான்னு பாக்கோணுமுங்க. அதுவும் முங்கிருச்சுன்னா, அந்த ஆறு முங்குனதுக்கு அர்த்தமே இல்லீங்களே."

கடைக்காரர் உள்ளே போய்த் தேடி எடுத்து வந்தார். காசு வாங்கவில்லை. மறுநாள் காலையில் அம்மணி கடைக்கு வந்து, மிதந்தது என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லத்தான் வந்தார். வேறு எதுவும் வாங்கவில்லை.

அவர் யார் என்பதற்கு இது போதும். ஆனால் எனக்கு நடந்ததையும் சொல்ல வேண்டும்.

கம்பெனி மாடியில். கீழே லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை. பகல் முழுக்கத் தகரம் அடிக்கும் சத்தம். மேலே எட்டுப் பேர் காதில் எதையோ மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். நான் வாட்ச்மேன். டீ போடுவேன். ஜெனரேட்டர் பார்ப்பேன். காலையிலும் சாயங்காலமும் கம்பெனி வேனில் அம்மணியோடு சேர்த்துப் பெண்பிள்ளைகள் மூன்று பேரைப் பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டி வந்து கொண்டுபோய் விடுவேன். அதற்கு முன் இருபத்து நாலு வருடம் லாரி. முழங்கால் விட்டுப்போன பிறகு இந்த வேலை.

அம்மணி வேலைக்குச் சேர்ந்த வாரமே ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறையின் பின்பக்கக் கதவு வழியாக யாரோ மாடி ஏறும் சத்தம் கேட்டது. ஒரு உருவம் துண்டால் தலையை மூடியிருந்தது. போய்ப் பிடித்தேன். அம்மணி. முக்காட்டை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"முழிச்சுட்டுத்தான் இருக்கீங்க."

"ஏனுங்க, எங்கிட்டக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பனே."

"தூங்கறவரும் அப்படித்தானுங்கண்ணா சொல்லுவாரு."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை நாளில் நான் தூங்குகிறேனா என்று பார்க்க ஒருவர் வந்தது அதுதான் முதல் தடவை. முதலாளி கூட வந்ததில்லை.

கம்பெனியில் என்ன செய்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்தான் சொன்னார். கம்ப்யூட்டருக்கு எழுதுகிறவர்கள் ஒரே வேலையைப் பல பேர் பல மாதிரி எழுதுவார்கள். ஒருவர் எழுதுவது இன்னொருவர் எழுதியதைக் கெடுத்துவிடக் கூடாது. அதனால் தனித்தனிக் கிளையாகப் பிரித்து வைப்பார்கள். கிளைக்கு ஒரு பெயர் இருக்கும். எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக்கொள்ள ஒரு சாப்ட்வேர். அதில் ஒரு சின்னத் துண்டுதான் எங்கள் கம்பெனிக்கு வந்த வேலை. எத்தனை கிளை இருக்கிறது என்று பட்டியல் காட்ட வேண்டும். நாம் எந்தக் கிளையில் நிற்கிறோமோ அதன் முன்னால் ஒரு நட்சத்திரம் வர வேண்டும். அவ்வளவுதான். எழுதுகிறவர் ராசிபுரத்துத் தம்பி. சோதிக்கிறவர் அம்மணி.

ஒரு பட்டியலைப் பார்க்க ஒரு ஆளா என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் மாறவில்லை.

"தப்பான கெளையில நின்னுட்டு, சரியான எடத்துல நிக்கறம்னு நெனச்சு அழிச்சாங்கன்னா, ஒருத்தரு ஆறு மாசம் பாடுபட்டது போயிருமுங்க."

அது எனக்குப் புரிந்தது. லாரிக்காரனுக்கு எங்கே நிற்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி.

மாதக் கணக்கில் அந்தப் பட்டியலையே பார்த்தார். ஒரு கிளையும் இல்லாமல் வைத்துப் பார்த்தார். ஒன்றே ஒன்று வைத்துப் பார்த்தார். முந்நூறு வைத்துப் பார்த்தார். திரை ஓரத்தைத் தாண்டிப் போகும் அளவுக்கு நீளமான பெயர் வைத்தார். எந்தக் கிளையிலும் நிற்காமல் நடுவழியில் நிற்கவும் ஒரு வழி உண்டாம். அப்போது பட்டியல் அதை ஒப்புக்கொள்கிறதா, இல்லை ஏதோ ஒரு கிளையில் நிற்பதாகப் பொய் சொல்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தார்.

பாஸ் ஆகிவிட்டது என்று மெஷின் சொன்னால் நம்ப மாட்டார். தம்பி எழுதியதில் தானே ஒரு இடத்தைக் கெடுத்து வைப்பார். நட்சத்திரத்தைத் தூக்கிப் பக்கத்து வரியில் வைப்பார். பிறகு சோதனையை ஓட்டுவார். அப்போதும் பாஸ் என்று வந்தால் அந்தச் சோதனையைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எழுதுவார். கெட்ட முட்டை. தம்பிக்கு இதைக் கண்டாலே ஆகாது. நல்லாக் கட்டின ஊட்டை இடிச்சுப் பாக்கறதே இவங்களுக்குப் பொழப்பு என்று டீ வாங்கும்போது என்னிடம் சொல்வார். ஆனால் அம்மணி குற்றம் சொன்ன இடத்தில் எல்லாம் ஏதாவது ஒரு பிழை இருந்தது. தம்பியும் அதைச் சொல்வார், குரலைத் தாழ்த்தி.

தினம் பதினோரு மணி டீக்கு என்னைத் திரை முன்னால் நிற்கவைப்பார்.

"அண்ணா, எதுல நிக்கறோம்?"

நான் நட்சத்திரத்தைத் தேடி அந்தப் பெயரை வாசிப்பேன். எனக்காகக் கிளைகளுக்கு ஊர்ப் பெயர் வைத்திருந்தார். இங்கிலீஷ் எழுத்துத்தான். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனாலும் லாரி ஓட்டினவனுக்கு ஊர்ப் பெயர் எந்த எழுத்தில் எழுதியிருந்தாலும் தெரியும். மோகனூர் என்பேன். ராசிபுரம் என்பேன். எழுதிக்கொள்வார். படித்தவர்கள் இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று ஒரு நாள் கேட்டேன்.

"அவங்களுக்கு என்ன வரோணும்னு தெரியுமுங்க. இல்லாததையும் கண்ணு நெரப்பிக்கும். உங்க கண்ணு நெரப்பாது. இருக்கறத மட்டும் பாக்கும்."

என் கண்ணைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னார். நான் டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். காரணம் இருக்கிறது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. இரண்டும் ஒரே மாதிரி காய்ந்த புல் நிறத்தில் இருக்கும். கிளீனராக இருந்தபோதே தெரிந்துபோயிற்று. சிக்னலில் மேலே எரிந்தால் நில், கீழே எரிந்தால் போ. அதைப் பிடித்துக்கொண்டேன். லைசன்சுக்கு டாக்டர் நிமிர்ந்து பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். வடக்கே ஓர் ஊரில் சிக்னலைப் படுக்க வைத்திருந்தார்கள். பின்னால் இருப்பவன் ஹாரன் அடிக்கும் வரை நின்றேன். அதன் பிறகு சந்தேகம் வந்தால் அதுதான் வழி. ஹாரன் அடித்தால் போ. இருபத்து நாலு வருடம் அப்படித்தான். வீட்டில் மனைவிக்கு மட்டும் தெரியும். தக்காளி வாங்க என்னை அனுப்ப மாட்டாள்.

அம்மணியிடம் ஒரு அட்டவணை இருக்கும். கண்ட குற்றம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. என்ன செய்தோம், என்ன வர வேண்டும், என்ன வந்தது, யார் பார்த்தது. கடைசிக் கட்டத்தைக் காலியாக விட்டதே இல்லை. ஒரு முறை முதலாளி தவறான பொத்தானை அமுக்கி ஒன்றைக் கெடுத்துவிட்டார். அந்த வரியிலும் முதலாளி பெயரையே எழுதினார். முதலாளி படித்துவிட்டு மூக்கைச் சொறிந்துகொண்டார். அம்மணி எழுதியதில் பொய் இல்லை. அவர் எழுதாமல் விட்டதும் இல்லை. அதனால் அவர் மேல் எல்லோருக்கும் கொஞ்சம் பயம் இருந்தது. எனக்கும்தான்.

வெள்ளிக்கிழமை வேலையை ஒப்படைக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை டீக்கு வழக்கம் போல நிற்கவைத்தார். திரையில் நட்சத்திரம் இல்லை.

தம்பி அழகுபடுத்தியிருந்தார். நட்சத்திரம் பழைய காலத்து வழக்கம் என்று எடுத்துவிட்டார். நிற்கிற கிளை பச்சையில். மற்றதெல்லாம் சிவப்பில். இது எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது பத்து ஊர்ப் பெயர். பத்தும் ஒரே நிறம்.

"எதுல நிக்கறோமுங்கண்ணா?"

மேலே இருப்பதைச் சொன்னேன். அவர் ஏதோ தட்டினார். மறுபடி பட்டியல் வந்தது. மறுபடி கேட்டார். நான் கீழே இருப்பதைச் சொன்னேன். மூன்றாவது தடவை கேட்கும்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரியில் விரலை வைத்து, இது என்ன நிறம் என்றார்.

"பச்சைங்க."

அவர் விரலை எடுத்தார். டீயைக் குடித்து முடித்தார். டம்ளரை என் கையில் கொடுத்தபோது கண்ணைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

அன்றைக்கு முழுக்க எனக்கு அதே நினைப்பு. அவர் எழுதுவார். யார் பார்த்தது என்ற கட்டத்தில் என் பெயர் வரும். வேன் சாவியை வாங்கிவிடுவார்கள். வேன் போனால் வாட்ச்மேன் வேலைக்கு முழங்கால் நன்றாக இருக்கும் ஆளாகப் பார்த்துக்கொள்வார்கள். இந்த வயதில் இனி யார் வேலை தருவார்கள். மனைவியிடம் சொன்னேன். இத்தனை வருசம் அந்தக் கண்ணை நம்பிப் பின்னாடி உக்காந்து வந்தவங்களுக்கு யாரு பதில் சொல்லறது என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதுவும் எனக்கு வலித்தது.

மறுநாள் முதலாளி அறைக்கு டீ கொண்டுபோனேன். தம்பி நின்றுகொண்டிருந்தார். அம்மணி உட்கார்ந்திருந்தார். மேசையில் அட்டவணை. நட்சத்திரம் இல்லாவிட்டால் நிற்கிற கிளை தெரியவில்லை என்று எழுதியிருந்தார். தம்பிக்கு முகம் சிவந்திருக்கும். எனக்குத் தெரியாது. குரலில் தெரிந்தது.

"பச்சை தெரியாத ஆளு ஒலகத்துல எங்கீங்க இருக்காங்க?"

முதலாளி தாளைத் திருப்பிப் பார்த்தார். "யாரு பாத்ததுன்னு போடலீங்களே அம்மணி. நீங்க விட மாட்டீங்களே."

கட்டம் காலி. அம்மணி என் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார். அதே பட்டியலைக் கறுப்பு மை மட்டும் உள்ள பழைய பிரிண்டரில் எடுத்திருந்தார். பத்து ஊர். பத்தும் கறுப்பு.

"எதுல நிக்கறோமுங்க?"

முதலாளி கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். கழற்றிப் பார்த்தார். தம்பியிடம் நீட்டினார். எழுதினவரே தம்பிதான். அவர் நெடுநேரம் பார்த்தார். ஒரு ஊரைத் தொட்டார். அம்மணி இல்லை என்று தலையை அசைத்தார்.

பிறகு பேனாவை எடுத்தார். யார் பார்த்தது என்ற கட்டத்தில் முதலாளி பெயரை எழுதினார். அதன் கீழே தம்பி பெயரை எழுதினார். பேனாவை மூடினார்.

நான் தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அந்த அறையில் அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எழுதியதும் பொய் இல்லை. கண் நன்றாக உள்ள இரண்டு பேரை ஒரு நிமிடம் என் இடத்தில் நிற்கவைத்தார். என் வாழ்நாளில் அப்படி ஒரு காரியத்தை நான் பார்த்ததில்லை. ஜெனரேட்டர் போடச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். எழுந்திருக்க நேரம் ஆயிற்று.

ஒப்படைப்பு திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. நட்சத்திரம் திரும்பி வந்தது. அதை எடுத்துவிட்டால் சோதனை கத்துகிறதா என்று பார்த்த பிறகுதான் அவர் சரி என்று எழுதினார்.

ஆனால் அந்தப் புதன்கிழமை இன்னும் முடியவில்லை.

சாயங்காலம் வேனில் எப்போதும் பின்னால் உட்காருகிற அம்மணி முன் சீட்டில் ஏறினார். மற்ற இரண்டு பேரும் பின்னால். மோகனூர் ரோட்டில் பாலம் வேலை நடந்தது. ஒரு பக்கம் விட்டு ஒரு பக்கம் வண்டி விடுவார்கள். ஒரு ஆள் கையில் சிவப்பும் பச்சையுமாக இரண்டு கொடி பிடித்துக்கொண்டு நிற்பான். அதில் மேல் கீழ் கிடையாது. முன்னால் போகும் வண்டியைப் பார்த்துத்தான் போவேன். அன்றைக்கு எங்கள் வேன்தான் முதல் வண்டி.

கொடி உயர்ந்தது. எந்தக் கொடி என்று தெரியவில்லை. நின்றேன். பின்னால் பைக்கில் வந்தவன் ஹாரன் அடித்தான். கிளட்சை விட்டேன்.

எதிரே டிப்பர் வந்தது. அம்மணியின் கை ஹேண்ட் பிரேக்கில் விழுந்தது. என் காலும் பிரேக்கில். வேன் அணைந்து நின்றது. டிப்பருக்கும் எங்களுக்கும் ஒரு கை தூரம். பின்னால் இருந்த பிள்ளைகள் முன் சீட்டில் மோதிக்கொண்டார்கள். அடி ஒன்றும் இல்லை. கொடிக்காரன் என் அம்மாவைச் சொல்லித் திட்டினான்.

பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். அம்மணி இறங்கவில்லை.

"தெரிஞ்சுட்டே ஏறுனீங்களே அம்மணி" என்றேன்.

"கம்ப்யூட்டர்ல தெரியலீன்னா ரோட்டுலயும் தெரியாதுன்னு ஆயிருமா? பாக்காம எப்படிங்க சொல்றது. ஆனா மத்த ரெண்டு பேரு இருக்கறப்பப் பாத்தது என் தப்பு. பெரிய தப்பு."

எழுதிவிடுவீர்களா என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"நான் எழுத மாட்டேனுங்கண்ணா. இதைப் பாத்தது நீங்க. எனக்கு முன்னாடியே, இருவத்தி நாலு வருசமாப் பாத்துட்டிருக்கீங்க. பாத்தவங்கதான் எழுதோணும்."

இறங்கிப் போய்விட்டார். நான் வேனைப் பஸ் ஸ்டாண்டு ஓரத்திலேயே நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து வீட்டுக்குப் போனேன். முழங்கால் வழி முழுக்கக் கத்தியது.

காலையில் சாவியை முதலாளி மேசையில் வைத்தேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாதுங்க என்றேன். வாயைத் திறந்து ஒரு வெளியாளிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சின்ன வாக்கியம். சொல்லி முடிக்க மூச்சு வாங்கியது.

முதலாளி சாவியைப் பார்த்தார். மேசை ஓரத்தில் அந்தக் கறுப்புத் தாள் இன்னும் கிடந்தது. அதையும் பார்த்தார். இத்தனை வருசமாவா என்றார். ஆமாங்க என்றேன். அவர் அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த நாளும் சொல்லவில்லை. இரண்டு நாளும் கேட் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் வேனுக்கு வேறு ஆள் வந்தார். வாட்ச்மேனுக்கு யாரும் வரவில்லை. நான் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன். இப்போதும் இருக்கிறேன்.

அம்மணி பட்டியல் வேலை முடிந்து ஒரு வருடத்தில் பெங்களூர் போய்விட்டார். போகிற அன்று காலையில் பட்டறையின் பின்பக்கக் கதவு வழியாக யாரோ மாடி ஏறும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். துண்டால் தலையை மூடிக்கொண்டு நின்றார்.

"முழிச்சுட்டுத்தான் இருக்கறனுங்க" என்றேன்.

சிரித்தார். வாரேனுங்கண்ணா என்று சொல்லி, வந்த வழியே இறங்கிப் போனார்.

இதைப் படிப்பவர்கள், அம்மணியின் பெயர் என்ன என்று கேட்பார்கள். எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் எல்லோர் பெயரையும் எழுதின கட்டத்தில் ஒரு நாள் என் பெயரை மட்டும் எழுதாமல் விட்டவர் அவர். நானும் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுகிறேன்.